இருவருக்கும் 25 வருவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காட்டு எல்லையில் தமிழ்வழி படிக்கும் பிள்ளைகளுக்கு, தன்னைத் தான் எவ்வளவு மதிக்கிறோம் என்று அளக்கும் சுயமதிப்புத் தாள் கொடுக்கிற ஆசிரியர்கள், மதிப்பெண் கூட்டும் இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட சுயமதிப்புத் தாளில் 10 வாக்கியங்கள். தன்னை உயர்த்திச் சொல்வது 5, தாழ்த்திச் சொல்வது 5. ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் ஒப்பவில்லை) முதல் 4 (முழுக்க ஒப்புகிறேன்) வரை போடச் சொன்னால், தாழ்த்திச் சொல்லும் ஐந்திலும் பிள்ளை போட்ட எண்ணை 5இலிருந்து கழித்த பிறகே கூட்ட வேண்டும். தன்னை முழுக்க மதிக்கும் பிள்ளைக்கு 40 வரும்; தன்னை அடியோடு வெறுக்கும் பிள்ளைக்கு 10. கழிக்க மறந்தால் இருவருக்குமே 25! உடனே கவனிக்க வேண்டிய பிள்ளை ‘சராசரி’ என்று கட்டோடு கட்டாகப் போய்விடுகிறது.

மொழியும் காலை வாரும். மலையாளத் தாளை எழுத்து மட்டும் மாற்றித் தராதீர்கள். அங்கே ‘அபிமானம்’ என்றால் பெருமிதம். நமக்கு அது பிரியம். ‘பெருமைப்பட என்னிடம் ஒன்றுமில்லை’ என்பதற்குப் பிள்ளை ‘இல்லை’ என்றால், மறுக்கிறதா, ஆமோதிக்கிறதா? வாய்விட்டுக் கேட்டுத் தெளிந்த பிறகே குறிக்கச் சொல்லுங்கள்.

இதனுடன் கொடுக்கும் குணநலத் தாள், பிள்ளையின் இயல்பை அளப்பது. அதில் வரும் குணங்கள் ஐந்து: மனக்கலக்கம், கலகலப்பு, பொறுப்பு, இணக்கம், புதியதில் நாட்டம். 2001இல் வெளியான ஆய்வில், இணையம் வழி 3,26,641 பேரிடம் கேட்டபோது, சுயமதிப்பில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 34 விழுக்காட்டை இந்த ஐந்தும் சேர்ந்து விளக்கின. சுயமதிப்பு உயர்ந்தவர்களிடம் மனக்கலக்கம் குறைவு. கலகலப்பும் பொறுப்பும் கூடுதல். ஆகவே சுயமதிப்புத் தாளில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் முதலில் தேட வேண்டியது பயத்தையும் கவலையையும். திமிரையோ சோம்பலையோ அல்ல.

ஆனால் இரண்டு தாளையும் நிரப்புவது அதே பிள்ளைதானே. தன்னைத் தாழ்வாக நினைக்கும் சிறுமி ‘நான் பொறுப்பானவள்’ என்ற இடத்திலும் குறைத்தே போடுவாள். ஐந்து குணங்களுக்கும் அடியில் ஒரே பொதுக்குணம் ஓடுகிறது என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். அது சுயமதிப்பின் நிழல்தான் என்பது வேறு சிலரின் மறுப்பு. எங்களுக்கு மறுப்பே சரியென்று படுகிறது. எனவே வகுப்பாசிரியரும் அம்மாவும் அதே குணநலத் தாளைத் தனித்தனியே அவளுக்காக நிரப்பட்டும். அவள் தாளில் மட்டும் பொறுப்பு குறைந்து, அவர்கள் தாளில் நன்றாக இருந்தால், குறை பொறுப்பில் இல்லை. பதிவேட்டில் ‘பொறுப்பற்றவள்’ என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த வருட ஆசிரியர் அவளைப் பார்க்கும் முன்பே அதைப் படித்துவிடுவார்.

உளவியல் ஆசிரியர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை