கேர்னலின் தொகுப்பு நேரத் தெரிவுகள்: பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

மதிப்புக்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

பணிசெயல் முறைமை படிக்கும் மாணவர்கள் முழுவதையும் வாசித்து முடிக்கக்கூடிய அளவில் ஒரு சிறு கேர்னலை (பணிசெயல் முறைமையின் மையப் பகுதியை) நீங்கள் பேணிவருவதற்கு முதலில் நன்றி. இம்மடல் அதன் தொகுப்பு நேரத் தெரிவுகளைப் பற்றியது; அதாவது, கேர்னலைத் தொகுக்கும்போது எந்த வசதி சேரும், எது சேராது என முடிவுசெய்பவை. இன்று அவை 14. சில மேக் கோப்பிலும் (எதை எப்படித் தொகுப்பது என ‘மேக்’ கருவிக்குச் சொல்லும் கோப்பு), சில தலைப்புக் கோப்புகளிலும் (பல மூலக் கோப்புகள் பகிரும் வரையறைகள் உள்ளவை), ஒன்றிரண்டு யாரோ அவசரத்தில் எழுதிவைத்தபடி மூலக் கோப்பின் நடுவிலும் கிடக்கின்றன.

சென்ற மாதம் மேக் கோப்பில் பல்செயலித் தெரிவை 1 ஆக்கித் தொகுத்தேன். ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. ஆனால் ஒரு கணினியைப் போலவே இயங்கும் கியூ-எமு என்ற மென்பொருளில் ஏற்றியபோது, ஒரு முறைவழியிலிருந்து (இயங்கும் நிரலிலிருந்து) அடுத்ததற்குத் தாவும் முதற் கணத்திலேயே இயந்திரம் மீளத் தொடங்கியது. அதையே திரும்பத் திரும்பச் செய்தது. காரணம் தெரிய இரண்டு இரவுகள் சென்றன. அத்தெரிவு முறைவழியின் கட்டமைப்பில் 4 பைற் கொண்ட ஒரு புலத்தைச் சேர்ப்பதால், அதற்குப் பின்னால் உள்ள, முறைவழியின் நினைவகம் எங்கே உள்ளது எனக் காட்டும் பக்க அட்டவணைச் சுட்டி 4 பைற் தள்ளிப்போகிறது. மேக் பார்ப்பது கோப்புகளின் நேரத்தை மட்டுமே. தொகுப்பானுக்குக் கொடுக்கும் தெரிவு மாறியது அதற்குத் தெரியாது. ஆகவே அன்று நான் திருத்திய கோப்பு புதிய கட்டமைப்போடும், தொடாமல் விட்ட கோப்பு பழைய கட்டமைப்போடும் ஒரே கேர்னலுக்குள் புகுந்தன. தொகுத்த கோப்புகளை ஒன்றாக்கும், பெயர்களைப் பொருத்துவதோடு தன் வேலை முடிந்ததெனக் கருதும் இணைப்பான் இரண்டையும் பேசாமல் சேர்த்துவிட்டது. முன்பு தொகுத்துக் கிடைத்த கோப்புகளை அழித்து மீண்டும் தொகுத்ததும் எல்லாம் சரியாயிற்று. (அந்த முதல் இரவிலேயே அழித்திருக்கலாம் என்பது வேறு கதை.)

லினக்ஸ், எந்தக் கோப்பு எந்தத் தெரிவைப் பயன்படுத்துகிறது என்பதைக் குறித்துவைத்து அவற்றை மட்டும் மீளத் தொகுக்கிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. 14 தெரிவுகளையும் ஒரே தலைப்புக் கோப்புக்கு நகர்த்தி, எல்லா இலக்குக் கோப்புகளும் (மூலக் கோப்புகளைத் தொகுத்துக் கிடைப்பவை) அதைச் சார்ந்தவை என மேக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும்.

அடுத்தது எழுத்துப் பிழை. சீ மொழியில் தொகுப்புக்கு முன் மூலத்தைக் கையாளும் முன்செயலி, வரையறுக்கப்படாத பெயரை ‘#இஃப்’ வரியில் கண்டால் 0 என எடுத்துக்கொள்கிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் அந்த வசதி சத்தமின்றி மறைந்துவிடும். ஜிசிசி தொகுப்பானின் ‘-டபிள்யூஅன்டெஃப்’ எச்சரிக்கை இதைப் பிடிக்கும். ஆனால் பெயர் வரையறுக்கப்பட்டதா என்று மட்டும் ‘#இஃப்டெஃப்’ கொண்டு கேட்கும் இடங்களில் அது உதவாது. எனவே ஒவ்வொரு தெரிவையும் 0 அல்லது 1 என வரையறுத்து ‘#இஃப்’ கொண்டே சோதிக்க வேண்டுகிறேன். இயன்ற இடங்களில் சீ மொழியின் சாதாரண ‘இஃப்’ இன்னும் நல்லது: அணைக்கப்பட்ட பகுதியையும் தொகுப்பான் சரிபார்த்த பின்னரே நீக்கும்.

லினக்ஸ் 2002 முதல் பயன்படுத்தும் கேகொன்பிக் என்ற தெரிவு அமைப்பு முறையைக் கொண்டுவரலாம் என்று உங்களுள் சிலர் சொல்வதை அறிவேன். 14 தெரிவுகளுக்கு அது மிகை என்பது என் கருத்து. அதிலுள்ள ‘செலக்ட்’, தான் இயக்கும் தெரிவின் நிபந்தனைகளைப் பாராமலே அதை இயக்கிவிடுவதால் புதிய குழப்பமும் சேரும். பொருந்தாத தெரிவுகள் ஒன்றாக வந்தால் ‘#எரர்’ கொண்டு தொகுப்பை நிறுத்துவதே நமக்குப் போதும்.

14 தெரிவுகளுக்கு 16,384 சேர்க்கைகள் உண்டு. என் கணினியில் ஒரு தொகுப்புக்கு ஏறத்தாழ 8 செக்கன். முழுவதற்கும் 36 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். எல்லாம் அணைந்தது, எல்லாம் இயங்குவது, ஒன்று மட்டும் இயங்குவன 14, ஒன்று மட்டும் அணைந்தன 14 என 30 தொகுப்புகளை எடுத்தால் 4 நிமிடமே. அவற்றுள் ‘#எரர்’ நிறுத்துபவை போக மீதி ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தொகுக்கப்பட வேண்டும்.

தலைப்புக் கோப்பையும் மேக் வரியையும் நானே எழுதி அனுப்புகிறேன். எந்தத் தெரிவு எதைச் சார்ந்தது என்ற பட்டியலை மட்டும் நீங்கள் தர வேண்டும். அது உங்கள் நினைவில் அன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை.

இங்ஙனம்,
உங்கள் கேர்னலைப் பயன்படுத்தும் ஒருவர்