பூசணிக்குப் பேய் முகம் வெட்டினதும் ஆனை வந்ததும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட வாசகர் பக்கத்தில ஒரு ஐயா, ஒக்டோபர் 31 இரவு பூசணிக்குப் பேய் முகம் வெட்டி விளக்கு வைக்கிற ஹலோவீன் எண்டுற வெள்ளைக்காரப் பண்டிகையால எங்கட கலாசாரம் அழியுது, ஹோட்டல்காரரும் இங்கிலீசு வகுப்பு நடத்துற ஆக்களும் சேந்து புள்ளயளப் பழுதாக்குறாங்க எண்டு எழுதியிருந்தார். வாசிச்சன். அந்தக் குற்றவாளியள்ல நானும் ஒராள், ஏனெண்டா போன மாசம் 120 பூசணிக்காய்க்குப் பேய் முகம் வெட்டினதில பாதி என்ட கையால வெட்டினது. கோவப்படவேண்டிய விசயம் இதில கிடக்குத்தான், ஆனா அந்த ஐயா காட்டின இடத்தில இல்ல. அதைச் சொல்லத்தான் எழுதுறன், நீளமாப் போனா நடுவில வெட்டுங்க, ஆனைக் கதைய மட்டும் விட்டு வைங்க.

நான் திருக்கோவில் பக்கம். அறுகம்பேயில ஒரு ஹோட்டல் குசினியில மரக்கறி வெட்டுற வேலை, எந்த ஹோட்டல் எண்டு சொல்லமாட்டன், வேலை போயிரும். அங்க கடலலையில பலகையில சறுக்குற சேர்ப்பிங் சீசன் ஒக்டோபரோட அடங்கும், மறுகா மழை. அதுக்கு முன்னம் கடைசியா ஒரு பார்ட்டி வைக்கிறது வழமை. இந்த முறை எங்கட மனேஜர், அமெரிக்காவில நியூ ஹாம்ப்ஷயர்ல கீன் எண்டுற ஒரு சின்ன டவுன்ல 2013ல ஒரே நேரத்தில 30,581 பூசணிக்கு விளக்குக் கொளுத்தி கின்னஸ்ல ஏறின படத்தை எங்கயோ பாத்திட்டார். பாத்ததில இருந்து மனிசன் நிலையா நிக்கல. எங்களுக்கு 120 போதும், வாசல்ல இருந்து கடற்கரை வரைக்கும் ரெண்டு பக்கமும் அடுக்குவம் எண்டார்.

என்ட மாமா கஞ்சிகுடிச்சாறுப் பக்கம் மேட்டுநிலத்தில சோளமும் பூசணியும் போடுறவர். இந்த வருசம் நல்ல காய்ப்பு, யாவாரி வந்து கிலோ 60 ரூபாவுக்குக் கேட்டான், கூலிக்கே காணாது எண்டு மாமா குடுக்காம காம்போட வெட்டிக் கொட்டிலுக்க அடுக்கி வச்சிருந்தார், நிழல்ல காத்துப்பட வச்சா ரெண்டு மாசம் கெடாது. நான் மனேஜரிட்டப் போய், சேர், மாமாட்ட 200 காய் கிடக்கு, சொன்னா நாளைக்கே உழவு மெசின்ல ஏத்தி வரலாம் எண்டன். எங்களுக்கு சப்ளையர் இருக்கு எண்டார், அவ்வளவுதான். மறுகா ஒரு நாள் லொறி வந்து நிண்டுது, தம்புள்ளயில இருந்து, கிலோ 140. இறக்கேக்க லொறிக்காரப் பொடியன் சொல்றான் இதில அரைவாசி உங்கட அம்பாறைப் பக்கத்துக் காய்தான் எண்டு. காய்க்கு ஒரு ஊர் சுத்திப் பாத்த புண்ணியம், மாமாவுக்கு ஒண்டுமில்ல.

மாமாட்ட விசயத்தைச் சொன்னன், பூசணிக்குள்ள ஓட்டை போட்டு உள்ளுக்க நெருப்பு வைக்கிறது மாமா எண்டு. மனிசன் வெத்திலைய வாயில வைக்காம என்னைப் பாத்தார்.

“என்ன மனே, ஹக்கபட்டாஸா?”

எனக்குச் சிரிப்பு வந்து உடன நிண்டிட்டுது. தெரியாதாக்களுக்குச் சொல்றன், காட்டுப்பண்டிக்கெண்டு பூசணி, வெள்ளரிக்காய்க்குள்ள வெடிமருந்தை மறைச்சு வைக்கிறதுதான் ஹக்கபட்டாஸ், அதை ஆனைக்குட்டி கடிச்சா தாடை பிளந்து தின்ன ஏலாம நாள்க்கணக்கில பட்டினி கிடந்து சாகும். எங்கட பக்கத்தில பூசணிக்குள்ள நெருப்பு எண்டா அதுதான் ஞாபகம் வரும். இல்ல மாமா, சும்மா மெழுகுதிரி, அழகுக்கு எண்டு விளங்கப்படுத்த எனக்குக் கனநேரம் போயிற்று.

வெட்டுறது லேசெண்டு நினைக்காதீங்க. வெள்ளைக்காரன் முகம் வெட்டுறதுக்கெண்டே ஒரு சாதிப் பூசணி வளக்கிறான், சுவர் மெல்லிசு, உள்ளுக்க வெறும் கோறை, தின்ன ருசியில்ல. எங்கட பூசணி கறிக்கெண்டு பிறந்தது, ரெண்டு அங்குலத்துக்குச் சதை, தோல் கல்லு மாதிரி. முதல் காயில என்ட கத்தி முனை முறிஞ்சுது. மறுகா டொராண்டோவில இருக்கிற மச்சாளுக்கு வாட்ஸ்அப் போட்டன், அவ புள்ளயளுக்கு வருசாவருசம் வெட்டிப் பழகினவ, பத்து நிமிசத்துக்கு வொய்ஸ் அனுப்பினா. மூடிய நேரா வெட்டாத, கத்திய உள்பக்கமாச் சரிச்சு வெட்டு, இல்லாட்டி மூடி பொத்தெண்டு உள்ளுக்க விழும். முகம் வெட்டுற பக்கம் ஒரு அங்குலம் மிஞ்சுறமாதிரிச் சுரண்டு. படத்தைப் பேப்பரில கீறி ஒட்டிக் குண்டூசியால குத்தி அடையாளம் வை. சின்ன ஓட்டையள முதல் வெட்டு, வாயைக் கடைசியா வெட்டு, வெட்டின விளிம்பில வாசலின் பூசு, காயாது. இதெல்லாம் சரிதான், சுரண்டத்தான் ஆயுதம் இல்ல, கரண்டி வளையுது. கடைசியில குசினி அக்கா ஒராள் பழைய திருவலைய எடுத்தா, தேங்காய்ப் பாதிக்குப் பதிலா பூசணியப் பிடிச்சு ரெண்டு சுத்துச் சுத்தினா, சதை பொலுபொலெண்டு கொட்டுது! தோல் வெட்ட ஹாக்சோ பிளேட்ல ஒரு பக்கம் சீலை சுத்திப் பிடிச்சுக்கொண்டம். டொராண்டோ மச்சாளுக்கு இந்தத் திருவலைப் படத்தை அனுப்பினன், அவ இப்ப அங்க இருக்கிற ஆக்களுக்கெல்லாம் காட்டுறாவாம்.

இப்ப அந்தக் கலாசார ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பூசணி வெட்டுறது அமெரிக்காவில பிறந்த வழக்கமெண்டு கன பேர் நினைக்கிறாங்க, இல்ல. அயர்லாந்துச் சனம் முந்தி டர்னிப் கிழங்கைத்தான் குடைஞ்சு முகம் வெட்டி உள்ளுக்க நெருப்பு வச்சது, கெட்டது அண்டாம இருக்க. 1800களில அவங்க அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இடத்தில பூசணி பெரிசாவும் குடைய லேசாவும் கிடைச்சதால அதுக்கு மாறினாங்க. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், அதுக்கு முதல்நாள் இரவு எண்டுறதுதான் ஹலோவீன் எண்டுற பேரே, நவம்பர் 2க்கு மட்டக்களப்புக் கத்தோலிக்கச் சனம் சேமக்காலைக்குப் போய்ச் செத்த ஆக்களுக்கு மெழுகுதிரி கொளுத்துறதைத் தெரியாத ஆள் இஞ்ச ஆர். தோட்டத்தில வெருளி கட்டி அதுக்குத் தலையாக் கரிச்சட்டியக் கவிட்டு வச்சு சுண்ணாம்பால கண்ணும் பல்லும் கீறுற சனம்தானே நாங்களும், புது வீட்டுக்குக் கண்ணூறு படாம நீத்துப்பூசணியில முகம் கீறித் தொங்கவிடுறதும் இருக்கு. நான் வெட்டின 60 முகத்தில முக்கால்வாசி என்ட அம்மம்மா கீறின வெருளிச் சட்டி முகம்தான், வெள்ளைக்காரர் அதுக்கு முன்னால நிண்டுதான் கூடப் படம் எடுத்தாங்க.

பிழை எங்க நடந்ததெண்டா, ஒண்டு பெயின்ற். எங்கட காய் பச்சையும் மண்நிறமும், படத்தில இருக்கிறது செம்மஞ்சள். மனேஜர் ஸ்ப்ரே பெயின்ற் வாங்கிவந்து அடிக்கச் சொன்னார். அடிச்ச காயை மறுகா மாடு தின்னவும் குடுக்கேலாது. ரெண்டு, சதை. காய்க்கு 4 கிலோ எண்டு பாத்தாலும் 480 கிலோ, அதில சுரண்டிக் கொட்டினது மட்டும் 150 கிலோவுக்குக் குறையாது. பால்கறி வச்சா ஒரு கலியாண வீட்டுக்குக் காணும். நாங்க வீட்டுக்குக் கொண்டுபோறம் எண்டு கேட்டம், குசினிச் சாமான் ஒண்டும் கேற்றுக்கு வெளியால போகக்கூடாதாம், ரூல். கறுப்புப் பையில கட்டச் சொன்னாங்க. அந்தப் பையக் கட்டேக்க திருவலை அக்கா ஒண்டும் பேசல, விதைய மட்டும் ரெண்டு கை அள்ளிச் சீலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டா.

28ம் திகதி வெட்டினதெல்லாம் 30ம் திகதி விடிய உள்ளுக்க வெள்ளைப் பூஞ்சணம், எறும்பு வேற. குளிர் நாட்டுக் கதை எங்கட வெக்கைக்குச் சரிவராது, முதல்நாள் வெட்டினாத்தான் நிக்கும். அரைவாசி திரும்ப வெட்டினம். அண்டு இரவு பாக்க வடிவுதான், பொய் சொல்லமாட்டன், 120 முகமும் கடல் இருட்டில சிரிச்சுக்கொண்டு நிண்டது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பத்து மணிக்கு மழை. மெழுகுதிரி நூரும் எண்டு முன்கூட்டியே யோசிச்சு பற்றரி லைற் வச்சபடியால அது மட்டும் எரிஞ்சுகொண்டு இருந்தது.

அடுத்தநாள் எல்லாத்தையும் அள்ளி, லைற்றும் உள்ளுக்க கிடக்கத்தக்கதா, காட்டோரக் குப்பைமேட்டில கொட்டிப்போட்டு வந்தாங்க. லாகுகலைக் காட்டில ஆனை கிடக்கிற நாடு இது, பூசணி வாசம் அதுக்கு எவ்வளவு தூரத்துக்குப் போகுமெண்டு மட்டக்களப்புப் படுவான்கரையில சேனை காவல் காக்கிற எந்தப் பொடியனும் சொல்லுவான். ரெண்டாம் நாள் இரவு மூண்டு ஆனை. பூசணிய முடிச்சுப்போட்டுச் சும்மா போகல, பக்கத்தில ஒரு பெரியவர்ட வாழைத் தோட்டத்தில 40 மரத்தை மிதிச்சுப்போட்டுப் போயிருக்கு. நான் போய்ப் பாத்தன். தோட்டத்து வரம்பில ஆனை லத்தி கிடந்தது, அதுக்குள்ள செம்மஞ்சள் பெயின்ற் தோல், கறுப்புப் பைத் துண்டு, எங்கட சின்ன லைற்றிட பிளாஸ்டிக் கூடு ஒண்டு. பற்றரியக் காணல. அந்தப் பெரியவர் தடியால அதைக் கிளறிப்போட்டு இது என்ன சாமான் தம்பி எண்டு என்னட்டக் கேட்டார், நான் தெரியாதெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். இதை எழுதுறதுக்கு அதுவும் ஒரு காரணம். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில பிளாஸ்டிக் திண்டு எட்டு வருசத்தில 20 ஆனை வரைக்கும் செத்ததெண்டு 2022ல உலகம் முழுக்கச் செய்தி வந்தது, நாங்க பேப்பரில வாசிச்சு உச்சுக்கொட்டின ஆக்கள்தான்.

டொராண்டோவில சொரோரன் பார்க் எண்டு ஒரு இடம், அங்க 2004ல இருந்து நவம்பர் 1 பின்னேரம் சனம் தங்கட தங்கட வீட்டுப் பூசணியக் கொண்டுவந்து வரிசையா வச்சு இன்னொருக்கா விளக்குக் கொளுத்துதுகள், முடிய அங்கயே விட்டுட்டுப் போனா மாநகரசபை எடுத்துப் பசளையாக்கும். மச்சாள் வீடியோ அனுப்பினா. பெயின்றும் பற்றரியும் இல்லாட்டி எங்களுக்கு அவ்வளவு சோலிகூட இல்ல, கிடங்கு வெட்டித் தாட்டா தென்னைக்குப் போகும், மாட்டுக்காரருக்குச் சொன்னா வந்து அள்ளிக்கொண்டு போவாங்க.

அதால ஹோட்டல்காரரிட்ட, இதைச் செய்ற பள்ளிக்கூடங்களிட்ட நான் கேக்கிறது, சதைய முதல் நாளே எடுத்து ஆருக்கும் சமைக்கக் குடுங்க, பெயின்ற் அடிக்காதீங்க, லைற்றைக் கழட்டி எடுங்க, காட்டோரம் கொட்டாதீங்க. காயை எங்கட ஆக்களிட்டயே வாங்குங்க, அதுக்கு ஜூன் மாசமே சொல்லோணும், பூசணி விதை போட்டு மூண்டரை மாசம் எடுக்கும், ஜூலைத் தொடக்கத்தில போட்டாத்தான் ஒக்டோபர் கடைசிக்கு ஒரே அளவில காய் வரும், அந்த வெயிலுக்குக் கிணத்துத் தண்ணியும் ஊத்தோணும். கிலோ 100 ரூபாவுக்குத் தாறன் எண்டு மாமா சொல்றார். அந்த அக்கா முடிஞ்சு கொண்டுவந்த விதையில பாதிய அவருக்குத்தான் குடுத்தா, சாம்பல்ல பிரட்டிப் போத்தல்ல போட்டு அடுப்படி வளையில தொங்குது.

இப்படிக்கு,
குசினிக்காரன் ஒருவன்,
திருக்கோவில்.