பழைய கார் என்றால் உடையத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார வாகன மலரில் டிராக் ரேஸ், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறும் பந்தயம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "பழைய கார்கள் அதிக டார்க் (சுழற்றும் விசை) தாங்காது, கிளட்சை விட்டதும் உடையும், செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நிற்கத்தான் லாயக்கு" என்று ஒரு வரி. காரைக்குடியில் பட்டறை வைத்து இந்த வண்டிகளைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. அம்பாசடரானாலும் பத்மினியானாலும் பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலைப் பிடித்திருப்பது இரும்புப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங்தான். எஞ்சின் கொடுக்கும் டார்க்கை முதல் கியரும் ஆக்ஸில் கூட்டுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரமும் சேர்ந்து பத்து மடங்குக்கு மேல் பெருக்கி ஆக்ஸிலுக்கு அனுப்புகின்றன. சக்கரம் முன்னே சுழலும்போது ஆக்ஸில் கூடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கத் தனிக் கம்பி கிடையாது, பட்டையே எஸ் வடிவில் நெளிந்து தாங்க வேண்டும். அப்போது ஆக்ஸில் கூட்டின் முன்முனையான பினியன் மூக்கு மேலே தூக்கும், எஞ்சின் பக்கமிருந்து வரும் நீள ஷாஃப்ட்டை அதோடு இணைக்கும் ஜாயின்ட்டின் கோணம் கெடும். பட்டை நிமிர்ந்து மறுபடி நெளிய, டயர் தரையில் குதிக்கும். குதித்த டயர் திரும்பத் தரையைப் பிடிக்கிற நொடியில்தான் அந்த ஜாயின்ட்டின் கிராஸோ, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட்டோ ஒடிந்து போகும்.

அம்பாசடரில் பெரிய டீசல் எஞ்சினை ஏற்றி, பின்பக்கம் ஒன்றையும் மாற்றாமல் ஓட்டிய ஒரு தம்பி என்னிடம் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார். ஆக்ஸில் ஷாஃப்ட்டை உருவிப் பார்த்தால் அதன் முனையிலுள்ள ஸ்ப்லைன் பற்கள் அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுகியிருந்தன. ஒடிந்த இடத்தில் துரு ஒரு பொட்டு இல்லை, புது இரும்பாக மின்னியது. அதன் வயதுக்கும் அந்த ஒடிவுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. சங்கம் தொடங்கியது 1951இல். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தில் பட்டை ஸ்பிரிங் வண்டிகள் எத்தனையோ அங்கே ஓடியிருக்கின்றன. கிரைஸ்லர்காரர்கள் பட்டையின் முன்பாதியை விறைப்பாகச் செய்து, பினியன் மூக்குக்கு மேல் ரப்பர் கட்டை வைத்தார்கள். மற்றவர்கள் பட்டை நெளியாமல் பிடிக்கும் டிராக்‌ஷன் பார் போட்டார்கள். அப்புறம், அந்த நீள ஷாஃப்ட் ஒடிந்தால் தரையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடாமல் பிடிக்க ஓர் இரும்பு வளையம். இதில் ஒன்றையாவது உங்கள் நிருபர் எழுதியிருக்கலாமே. அவர் எழுதாமல் விட்டதால், எங்கள் ஊர்ப் பையன்கள் வளையம் இல்லாமல்தான் பைபாஸில் கிளட்சை விடப் போகிறார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. கானாடுகாத்தான் சிறப்பிதழில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் படத்தைப் போட்டு, கீழே ஃபியட் என்று அச்சிட்டீர்கள். ஹெரால்டில் கிரவுன் கூடு சேசிஸோடு பொருத்தியிருக்கும், பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும், குறுக்கே ஒரே பட்டைக்கட்டு. நம் சென்னையிலேயே செய்த வண்டி அது. அப்போதும் கடிதம் போட்டேன், பதில் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் பேருந்து ஏறிப் போய், வெயிலில் நின்று பார்த்தவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறோம். எங்களில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செட்டிநாடு என்றால் கோழிக் குழம்பும் ஆத்தங்குடித் தரையும் மட்டும்தானா? பள்ளத்தூரில் ஓர் ஆச்சி, அவர் கணவர் ஓட்டிய வண்டியை விற்க மனமில்லாமல் கொட்டகையில் வைத்திருக்கிறார். "லாயக்கு" என்ற சொல்லைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார், "ஏப்பா, நம்ம வண்டியையா சொல்றாங்க?" நான் என்ன பதில் சொல்வது?

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மலரில் பட்டை நெளிவதைக் காட்டும் ஒரு சின்னப் படமும், அந்த இரும்பு வளையத்தைப் பற்றி நான்கு வரியும் போடுங்கள். இடம் மிஞ்சினால் ஹெரால்டின் பெயரையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
காரைக்குடி