செயின்ட் லூயிஸிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். பாப்பாவின் நீச்சல் வகுப்புக்கு இவ்வளவு பணமா என்று கேட்டிருந்தாய். கட்டத்தான் வேண்டும். இந்த அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் சாவதற்கு முதல் காரணமே தண்ணீரில் மூழ்குவதுதான்.

வகுப்பில் கருப்பினப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டுக் கருப்பினப் பாட்டியிடம் பேத்தியையும் அனுப்பச் சொன்னேன். "எங்கள் வீட்டில் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை" என்றார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

இங்கே ஃபேர்கிரவுண்ட் பார்க்கில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகக் குளிக்கும் பிரம்மாண்ட நீச்சல்குளம் இருந்ததாம். வெள்ளையருக்கு மட்டும். 1949 ஜூன் 21 அன்று எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். முப்பது கருப்பினச் சிறுவர்கள் போல இறங்கியிருக்கிறார்கள். வேலிக்கு வெளியே வெள்ளையர் கூட்டம் சேர்ந்துவிட்டது. போலீஸ் காவலோடுதான் பிள்ளைகள் வெளியே வர முடிந்தது. சாயங்காலம் பெரிய கலவரம். மேயர் உடனே பழைய வழக்கத்துக்கே போய்விட்டார். அடுத்த வருஷம் கோர்ட் சொல்லித் திறந்தார்கள். வெள்ளையர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். 1956இல் குளத்தையே மூடிவிட்டார்கள். மிசிசிப்பியில் ஜாக்சன் நகரமும் கருப்பரோடு சேர்ந்து குளிக்க மனமில்லாமல் பொதுக் குளங்களை மூடியது. 1971இல் உச்ச நீதிமன்றமே அதில் தப்பில்லை என்றுவிட்டது. நம்மூர்ப் பொதுக்கிணற்றுச் சங்கதி உனக்குத் தெரியாததா?

இப்படிக் குளம் கிடைக்காமல் போனதில் கருப்பினப் பெற்றவர்கள் பலருக்கு நீச்சல் தெரியாது, அதனால் பயம், பிள்ளைகளையும் விடுவதில்லை. 2010இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், ஆற்றில் தவறிய ஒரு பையனைக் காப்பாற்றப் போய் ஆறு கருப்பினப் பிள்ளைகள் மூழ்கிவிட்டார்கள். கரையில் நின்ற பெரியவர்களுக்கு நீந்தத் தெரியாது. நீச்சல்குளத்தில் மூழ்கிச் சாகும் விகிதம், 10 முதல் 14 வயதில், வெள்ளைப் பிள்ளைகளைவிடக் கருப்பினப் பிள்ளைகளுக்கு ஏழு மடங்குக்கும் மேல். கருப்பினத்தாருக்கு நீச்சல் வராதது உடம்புவாகு என்று இங்கேயும் சிலர் அளப்பார்கள், நம்பாதே. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கிய சிமோன் மானுவல் கருப்பினப் பெண்தான்.

பாட்டி கடைசியில் பேத்தியை அனுப்பிவிட்டார். அவள் பின்னல்களுக்குச் சாதாரணத் தொப்பி போதவில்லை. நானும் பாட்டியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் நெற்றிக்கு மேலேயே நின்றது. அடர்ந்த முடிக்கென்றே செய்த தொப்பியை டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வேண்டாம் என்று உலக நீச்சல் சம்மேளனத்தார் தடுத்தார்கள், 2022இல்தான் சம்மதித்தார்கள். இதிலுமா என்று இருந்தது.

சின்னவன் கல்குவாரித் தண்ணீரில் குதிக்கிறானாமே! நீ திட்டாதே, ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பேசிக்கொள்கிறேன். முதலில் மாமாவை அவனுக்கு நம் கிணற்றில் நீச்சல் பழக்கச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி