கடல் சாமந்திக்குத் தூக்கி வைக்கும் மணற்படுகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உப்பின் அளவு, காற்றுக்கல், விளக்கு ஆகியவை குறித்து அதில் சொல்லப்பட்டிருப்பவை சரியே. ஆனால் பூவைப் போல விரியும் கடல் விலங்கான கடல் சாமந்தியில், மணலில் புதைந்து வாழும் வகைக்குத் தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரம் மணல் பரப்பினால் போதும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அதே யோசனையை நம்பி மூன்று சாமந்திகளைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கடல் சாமந்தி என்றதும் பலரும் நினைப்பது கோமாளி மீனுக்கு இடம் கொடுக்கும் வகையைத்தான். உலகில் அப்படிப்பட்ட இனங்கள் சுமார் 10 மட்டுமே. அவற்றுக்கு அடியில் தட்டுப் போன்ற பாதம் உண்டு, அதைக் கொண்டு பாறையையோ மணலுக்கடியில் கிடக்கும் கல்லையோ பற்றிக்கொள்ளும். புதைந்து வாழும் வகைகள் பலவற்றுக்கு அந்தத் தட்டே கிடையாது. உடல் புழுவைப் போல நீண்டு, அடிமுனை உருண்டையாக முடியும். அது மணலுக்குள் இறங்குவதைக் கண்ணாடி ஓரத்தில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: உடலுக்குள் இருக்கும் நீரை அடிமுனைக்குத் தள்ளி, அதை ஊதிய பலூனாக்கி மணலில் ஊன்றிக்கொள்ளும், பிறகு மேலுடலைச் சுருக்கிக் கீழே இழுக்கும், மறுபடி முனையை மெலிதாக்கி இன்னும் ஆழமாகக் குத்தும். அரை மணி நேரத்துக்குப் பிறகு மணலுக்கு வெளியே நூல் போன்ற உணர்கொம்புகள் மட்டும் ஒரு சிறு வட்டமாக விரிந்து கிடக்கும். குழாய்ச் சாமந்தி என்று வேறொன்று உண்டு. விலங்கியல் வகைப்பாட்டின்படி அது உண்மையான கடல் சாமந்தியே அல்ல. தன் உடலிலிருந்து வெளிவிடும் இழைகளால் தோல் போன்ற ஒரு குழாயை நெய்து அதற்குள் வாழ்வது. அதற்கு இன்னும் ஆழமான மணல் வேண்டும் என்பதைத் தவிர, நான் சொல்லப்போவது அதற்கும் பொருந்தும்.

எனக்கு நேர்ந்தது இதுதான். மீன்பிடித் துறைமுகத்தில் வலையிலிருந்து உதறிய கழிவு மீனோடு வந்த சேற்றுக் கட்டியில் இருந்த மூன்று சாமந்திகளை, இரண்டடி நீளத் தொட்டியில் நிரந்தரமாகப் பரப்பிய மணலில் விட்டிருந்தேன். நான்கு மாதம் நன்றாகவே இருந்தன. அறிவியல் கண்காட்சி ஒன்றுக்காக அவற்றை எடுத்துச் செல்ல வேண்டியிருந்தபோது, கரண்டியால் மணலைக் கிளறினேன். தொட்டவுடன் சாமந்தி கீழ்நோக்கிச் சுருங்கும் என்பது தெரிந்திருந்தும், கரண்டியின் விளிம்பு எங்கே போகிறது என்பது மணலுக்கு மேலிருந்து தெரியவில்லை. ஒன்று இரண்டாக அறுந்தது. இன்னொன்றின் அடிமுனை கிழிந்தது. முழுதாக எடுத்த மூன்றாவதும் இரண்டு நாள் கழித்து இறந்தது, அதற்குக் காரணம் கரண்டியன்று. தொட்டி முழுவதும் அழுகிய முட்டை நாற்றம் வீசியபோதுதான் புரிந்தது.

மணற்படுகையில் மேலே உள்ள மெல்லிய அடுக்கில் மட்டுமே பிராணவாயு இருக்கும். அதற்குக் கீழே போகப் போக, பிராணவாயு இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் குடியேறும். ஆழத்தில் கந்தகச் சேர்மங்களால் மணல் கறுத்துப்போகும். அசையாமல் கிடக்கும்வரை அந்தக் கறுப்பால் கேடில்லை. கிளறிவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு மேலே வந்து, நீரில் உள்ள பிராணவாயுவையும் தின்று, உயிரையும் கொல்லும். தொட்டி நீளத்துக்கு ஒரே படுகையாக இருந்தால், ஒரு மூலையில் கிளறியதன் விளைவைத் தொட்டி முழுவதும் அனுபவிக்க வேண்டும்.

அதன்பிறகு நான் மணலைத் தொட்டியின் அடியில் கொட்டுவதில்லை. தொட்டியின் அடி வெறும் கண்ணாடியாகவே இருக்கிறது. மணல் தனித்தனிப் பெட்டிகளில் இருக்கிறது. ஒரு பெட்டிக்கு ஒரு சாமந்தி. மளிகைப் பொருள் போட்டுவைக்கும் சதுர பிளாஸ்டிக் டப்பாவே போதுமானது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்டிருப்பது பாலிபுரொப்பிலீன், அதையே வாங்கலாம். 12 சென்டிமீட்டர் அகலமும் அதே நீளமும் கொண்ட டப்பாவில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் இட்டால், நனைந்த மணலின் எடை மட்டும் 4 கிலோவுக்கு மேல் வரும். ஆகையால் விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பிளாஸ்டிக் வளைந்து மணல் பிளந்துவிடும். வலைக்குப் பயன்படும் நைலான் கயிற்றை டப்பாவின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடுத்து, மேலே இரண்டு பிடிகளாக முடிந்துகொள்வது நல்லது. உலோகக் கம்பி வேண்டவே வேண்டாம். செம்போ பித்தளையோ சிறிதளவு கரைந்தாலும் சாமந்திக்கு நஞ்சு. செம்பு கலந்த மீன் மருந்துகளுக்கும் இதே தடை பொருந்தும்.

டப்பாவின் அடியில் ஓட்டை போட்டால் மணலுக்குள் நீரோட்டம் கிடைக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தோம். தூக்கும்போது நீர் அடிவழியே ஒழுகி, மணல் கீழ்நோக்கி இறுகி, சாமந்தியையும் சேர்த்து நெரித்தது. அடி மூடியிருக்க வேண்டும் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை. மணலுக்கு மேல் 3 சென்டிமீட்டர் விளிம்பு காலியாக இருந்தால், தூக்கும்போது அவ்வளவு நீர் மேலே தங்கிச் சாமந்தியை நனைத்தபடி கூடவே வரும். டப்பாவின் ஒரு பக்கம் தெளிவாக இருந்தால் அதன் மேல் கறுப்பு அட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கம் பாசி படியும். பார்க்க வேண்டும்போது மட்டும் அட்டையை உருவிக்கொள்ளலாம்.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துத் தேரிச் செம்மண்ணைச் சிலர் அழகுக்காகப் போடுகிறார்கள். அது இரும்புச் சத்து ஏறிய மண், தொட்டிக்கு ஆகாது. கடற்கரையில் கோடுகோடாக ஒதுங்கும் கார்னெட், இல்மனைட் ஆகிய கனிமங்கள் கலந்த கருமணலும் வேண்டாம். உடைத்த பவளத் துண்டுகள் கூர்மையானவை, மெல்லிய தோலைக் கிழித்துவிடும். கையில் எடுத்தால் சர்க்கரையைப் போல நழுவும் நுண்மணலே ஏற்றது; அதில் சிறிது வினிகரை விட்டால் நுரைக்குமானால் சிப்பித் தூள் கலந்திருக்கிறது, அது நல்லதே. நன்னீரில் கலங்கல் நீங்கும்வரை அலசி, பிறகு கடல்நீரில் ஊறவைத்து, குறைந்தது நான்கு வாரம் தொட்டியில் வைத்த பிறகே சாமந்தியை விட வேண்டும். ஆழம், சாமந்தி முழுதாக நீண்டிருக்கும்போது உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

இடம் மாற்றும் நாளில் உணர்கொம்புகளை மெல்லத் தொட்டுச் சாமந்தியை உள்ளே சுருங்க விட்டு, தொட்டி நீரைப் பெட்டியின் விளிம்புவரை குழாய் வைத்து இறக்கிய பிறகு, கயிற்றுப் பிடிகளால் சாயாமல் நேராகத் தூக்கி, அதே தொட்டி நீர் உள்ள வாளிக்குள் இறக்க வேண்டும். ஒரு பெட்டியின் மணல் கெட்டுப்போனால் அந்தப் பெட்டியை மட்டும் வெளியே எடுத்து, கடல்நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தில் அமிழ்த்தி, கையால் மெல்ல அலைகொடுத்து மணலைக் கரைத்துவிட்டால் சாமந்தி தானே விடுபட்டுக் கிடக்கும். மற்றப் பெட்டிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

மற்றவை எளியவை. காற்றால் இயங்கும் பஞ்சு வடிகட்டி போதும். நீர் உறிஞ்சும் மோட்டாரை வைத்தால் அதன் வாயைப் பஞ்சால் மூடாமல் விடக் கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அன்று. ஆகவே குறையும் அளவை உப்பில்லாத நீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். உணவுக்குத் தூத்துக்குடிக்காரர்களுக்குக் கவலையில்லை. உப்பளப் பாத்திகளில் வளரும் ஆர்ட்டீமியா என்ற சிறு இறால் போன்ற உயிரியின் குஞ்சுகளையோ, கடுகளவு இறால் சதையையோ, சாமந்தி விரிந்திருக்கும் நேரம் பார்த்துச் சொட்டுக் குழலால் கொம்பருகே விடலாம்.

ஆய்வகங்களில் மணலே இல்லாமல் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கிறார்களே என்று உயிரியல் படித்தவர்கள் கேட்கக்கூடும். 2007இல் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்ட நெமட்டோஸ்டெல்லா என்ற கடல் சாமந்தியைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். அது வட அமெரிக்கக் கிழக்குக் கரையின் உவர்க் கழிகளில் வாழும் சிறிய இனம். கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கு உப்பிலும் வாழும். உடல் அறுந்தாலும் முழுதாக வளர்ந்துவிடும். அதன் பொறுமையை நம் கடலோரத்துச் சாமந்திகளிடம் எதிர்பார்த்து நான் ஏமாந்துவிட்டேன்.

கட்டுரையில் ‘கடற்கரையில் தோண்டி எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருப்பதையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் எதையும் தோண்டி எடுப்பது குற்றம். பள்ளிகளில் கண்காட்சிக் காலம் நெருங்குகிறது. மண்வெட்டியோடு மாணவர்களைத் தீவுப் பக்கம் அனுப்பும் ஆசிரியர் ஒருவரேனும் அந்த வரியைப் படித்திருக்க வாய்ப்புண்டு என்பதால், திருத்தம் அதற்கு முன்பே வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.