சாப்பிட்ட நேரத்தையும் அறிக்கையில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முகாம்களிலும் ஆய்வகங்களிலும் கொழுப்புப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது, "வெறும் வயிறுதானே?" என்று கேட்பதோடு பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார் என்பது அறிக்கையில் ஏறுவதில்லை. அது இல்லாத அறிக்கையை வைத்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சரியில்லை.

சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் குடல் கைலோமைக்ரான் என்னும் நுண்துளிகளாகக் கட்டி, நிணநீர் வழியாக ரத்தத்தில் சேர்க்கிறது. இப்படி ரத்தத்தில் ஏறும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு, சாப்பிட்ட மூன்று, நான்கு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். இறங்க எட்டு மணி நேரம்கூட ஆகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் தாமதம். அந்த நேரத்து ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால், வைக்கோல் நிறத்தில் தெளிவாக மேலே நிற்க வேண்டிய நீர்ப்பகுதியான சீரம் கலங்கியிருக்கும். சிலருக்குக் கஞ்சித் தண்ணீர் போலவே இருக்கும்.

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லைப் பல ஆய்வகங்கள் நேராக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொழுப்பான ஹெச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகின்றன. டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் மொத்தம் 200, ஹெச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 150 என்றால் எல்டிஎல் 130. அதே ஆள் பூரியும் வடையும் சாப்பிட்டு வந்து ட்ரைகிளிசரைடு 300 ஆகியிருந்தால், மற்ற இரண்டும் பெரிதாக மாறாததால், எல்டிஎல் 100 என்று அச்சாகும். கெட்ட கொழுப்பு இறங்கிவிட்டதென்று நம்பி அவர் மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு?

சாப்பிட்ட பின் ரத்தம் எடுப்பதே தவறல்ல. ட்ரைகிளிசரைடுக்கு வெறும் வயிற்றில் 150 எல்லை என்றால், சாப்பிட்ட பின் 175. நானூறைத் தாண்டினால் அந்தக் கழித்தல் கணக்கு செல்லாது. 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்து மறுபடி எடுக்க வேண்டும். பால் விட்ட டீயும் கூடாது. முந்தின நாள் மதுவும் கறிவிருந்தும் சேர்ந்தால் மறுநாள் காலை வரை அதன் தடயம் நிற்கும்.

எந்த எண்ணெய் நல்லது என்பதுதான் எல்லாரும் கேட்பது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் ட்ரைகிளிசரைடைப் பொறுத்தவரை, ரேஷன் பாமாயிலா நம்மூர்ச் செக்குக் கடலை எண்ணெயா என்பதைவிட எவ்வளவு என்பதே முக்கியம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 14 கிராம் கொழுப்பு. அந்த அளவுக்கு ஏற்றம் லேசாகத்தான் இருக்கும். முப்பது, ஐம்பது கிராம் என்று போகப்போக உச்சமும் உயரும். செக்கில் ஆட்டியது என்பதற்காகத் தாராளமாக ஊற்றக் கூடாது. ஆனால் மாதக்கணக்கில் எல்டிஎல்லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. நெய்யில் பாதிக்கு மேல். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது. மீனிலுள்ள ஒமேகா-3 என்னும் நல்ல வகைக் கொழுப்பைத் தொடர்ந்து சாப்பிட்டால் உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தையும் தணிக்கும். அதற்கு மத்திக் குழம்பு நல்லது. அணைக்கட்டு ஓரத்தில் எண்ணெயில் முக்கிப் பொரித்த மீன் அதே பலனைத் தராது.

எட்டு மணிக்குப் பூரி, பதினொன்றுக்கு போண்டா, ஒரு மணிக்குப் பிரியாணி என்று போனால் முதல் ஏற்றம் இறங்குவதற்குள் அடுத்தது ஏறி, இரவு வரை ரத்தம் தெளியாது. கூடவே சர்க்கரை போட்ட மாம்பழச்சாறு குடித்தால் ஏற்றம் இன்னும் கூடும். ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்டவருக்கு, தாளிக்க இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டிருந்தாலும், இந்தத் தொல்லை குறைவு. முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் வேகமாக நடந்தவருக்கு மறுநாள் ஏற்றமே குறைகிறது. தசைகள் அந்தக் கொழுப்பை எடுத்துக்கொள்கின்றன.

ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய் என்று வைத்தால், நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு நெய்யும் சேர்த்து மாதம் மூன்றரை லிட்டர். வாங்கிய நாளைப் புட்டியில் எழுதி வையுங்கள், கணக்கு தெரிந்துவிடும்.

ஆய்வகங்களும் முகாம் நடத்துவோரும் படிவத்தில் 'கடைசி உணவு: நேரம், என்ன' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். செலவு எதுவும் இல்லை. வரும் முகாமிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்,
தருமபுரி