20 நிமிடம் போதாது, 28 நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வீட்டில் மீன் தொட்டி வைத்துக் கொடுப்பது பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டியின் அளவு, ஃபில்டர், தீனி எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடையிலிருந்து கொண்டுவந்த மீனைத் தொட்டியில் விடுவது பற்றி இரண்டே வரிதான் இருந்தது. பையை 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விடுங்கள், பிறகு மீனை உள்ளே விட்டுவிடுங்கள் என்று. இதே யோசனையைக் கேட்டு நடந்துதான் போன ஜனவரியில் என் வீட்டில் 14 மீன்களில் 11 மீன்கள் செத்துப்போயின. புது மீனை முதலில் 28 நாள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். இங்குள்ள தொற்றுநோய் மருத்துவமனையில் பல வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். காலரா, தொண்டை அடைப்பான், அம்மை என்று வருகிறவர்களை யார் பக்கத்தில் படுக்க வைக்கலாம், யார் பக்கத்தில் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். ஒரு கட்டிலைத் தொட்ட கையோடு அடுத்த கட்டிலுக்குப் போக மாட்டோம். இவ்வளவும் தெரிந்த நான் மீனுக்கு அதைச் செய்யவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனேன். பெரம்பூர் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கடைத் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஒரு கடையில் சிவப்பு பிளாட்டி மீன் நான்கு வாங்கினோம். “நேத்து ராத்திரி இறங்கின சரக்கும்மா, கலரைப் பாருங்க” என்றார் கடைக்காரப் பையன். புதுச் சரக்கு என்றால் நல்லது என்று நானும் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பையை 20 நிமிடம் மிதக்க விட்டு, மீனோடு பைத் தண்ணீரையும் தொட்டியில் சாய்த்தேன்.

நாலாம் நாள் ஒரு பிளாட்டி ஃபில்டர் குழாயில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. விளையாடுகிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன்தான் பார்த்தான். “ஆயா, மீன் மேல ரவை ஒட்டியிருக்கு.” கிட்டப் போய்ப் பார்த்தால் துடுப்பிலும் வாலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பக்கத்துக் கடையில் ஒரு நீல மருந்து கொடுத்தார்கள். மூன்று நாள் ஊற்றினேன், புள்ளிகள் மறைந்தன. குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தினேன். அடுத்த நாலு நாளில் தொட்டியில் ஒரு மீன் பாக்கியில்லாமல் எல்லாவற்றின் மேலும் புள்ளி.

என்னிடம் இரண்டு ஏஞ்சல் மீன்கள் இருந்தன. 2021-இல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வாங்கியவை, உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டன. நான் தொட்டிப் பக்கம் வந்தாலே இரண்டும் கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். அதில் பெரியது இரண்டு நாள் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே செவுளை வேகவேகமாக அசைத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் காலையில் செடிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. பேரன் அதைச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. கடைசியில் மிஞ்சியவை ஒரு ஏஞ்சலும் இரண்டு மோலியும்தான்.

பிறகு உட்கார்ந்து படித்தேன், வளர்க்கிறவர்களைக் கேட்டேன். இந்த வெள்ளைப்புள்ளி நோயைக் கடைக்காரர்கள் ‘இச்’ என்கிறார்கள். ஒரே செல் கொண்ட ஒரு ஒட்டுண்ணியால் வருகிறது. அது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து தின்கிறது. நாம் பார்க்கும் புள்ளி அதுதான். அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வயிறு நிறைந்ததும் தானே மீனை விட்டு உதிர்ந்து, அடியில் கூழாங்கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து ஒன்று நூற்றுக்கணக்காகிறது. அவை வெளியே வந்து நீந்தி மீனைத் தேடும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் செத்துவிடும். மருந்து வேலை செய்வது இந்த நீந்தும் பருவத்தில் மட்டும்தான். ஆக, புள்ளி மறைந்தது என்றால் நோய் போய்விட்டது என்று பொருளில்லை, அது அடியில் இறங்கிப் பெருகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நான் மருந்தை நிறுத்தியது சரியாக அந்த நாட்களில். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதே தவறை வீட்டில் நான் செய்தேன்.

தை மாதக் குளிரும் சேர்ந்துகொண்டது. காலையில் என் தொட்டித் தண்ணீர் 24 டிகிரிதான் இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் மீனுக்கு எதிர்ப்பு சக்தி குறையும், ஒட்டுண்ணியின் சுற்று முடியவும் நாளாகும். மே மாதத்தில் தண்ணீர் தானாகவே 30-ஐத் தாண்டும்போது இச் அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை. ஆனால் வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு. பையில் அடைபட்டு வந்த மீன் அதிலேயே பாதி சோர்ந்துவிடும், வால் அழுகல் போன்ற நோய்கள் அப்போதுதான் பிடிக்கும். அதனால் கோடைதானே என்று இருந்துவிட முடியாது.

20 நிமிடம் மிதக்க விடுவது பைத் தண்ணீரின் சூடும் தொட்டித் தண்ணீரின் சூடும் ஒன்றாவதற்காக மட்டும்தான். மீன் கொண்டுவரும் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நோய்க்கு வேண்டியது தனி இடமும் நாட்களும். நான்கு வாரம் என்று பழகியவர்கள் சொல்கிறார்கள். வெள்ளைப்புள்ளி ஒரு வாரம், பத்து நாளில் தெரிந்துவிடும். செவுளில் ஒட்டும் புழு, குடலில் இருக்கும் புழு இவையெல்லாம் மெதுவாகத்தான் காட்டிக்கொடுக்கும். மலம் வெள்ளை நூல் போல இழுபடுகிறதா, துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறதா, ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கண்ணாடித் தொட்டி நிறையச் செடியும் மீனும் இருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, மேலே கட்ட ஒரு பழைய கொசுவலை. எனக்கு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. அடியில் கல், மண் எதுவும் போடவில்லை. போட்டால் ஒட்டுண்ணிக்கு ஒளிய இடம் கிடைக்கும், சுத்தம் செய்வதும் கஷ்டம். மெட்ரோ தண்ணீரை ஒரு நாள் முழுக்கக் காற்றோடு வைத்துக் குளோரின் போன பிறகுதான் விடுகிறேன்.

பலரும் சறுக்குவது ஸ்பாஞ்சில்தான். புது ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியா இருக்காது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உடைக்க ஆளில்லாமல், நோயே இல்லாத மீன் கூட டப்பிலேயே செத்துவிடும். பிறகு, தனியாக வைத்ததால்தான் செத்தது என்று சொல்வார்கள். மீன் வாங்கப் போவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் ஓட விட்டால் போதும், பாக்டீரியா ஏறிவிடும். அப்புறம் தீனியைக் குறைத்துப் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன்.

டப்புக்கென்று தனி வலை, தனி மக், தனி டியூப். காலையில் முதலில் பெரிய தொட்டி வேலை, பிறகுதான் டப், அதன் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல். வார்டில் செய்ததுதான். (கையில் வெட்டுக்காயம் இருந்தால் எந்தத் தொட்டியிலும் கை விடாதீர்கள். மீனிடமிருந்து மனிதர் தோலுக்கு வரும் பாக்டீரியா உண்டு, அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்.) நடுவில் இன்னொரு மீன் வாங்கி அதே டப்பில் விட்டால் நாள் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்துதான். கடையில் வாங்கும் செடியையும் மீன் இல்லாத வாளியில் பத்து நாளாவது வைக்கிறேன், அதில் கூடு ஒட்டி வரலாம்.

வந்த மீனுக்கெல்லாம் முதல் நாளே ஆன்டிபயாடிக் கலக்குங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு செவிலியராக அதை நான் ஏற்க மாட்டேன். என்ன நோய் என்றே தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்தால், உண்மையில் தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்காது. முதலில் பார்த்துக்கொண்டிருங்கள், நோய் தெரிந்தால் அதற்கான மருந்தை முழுக் கணக்குக்கும் கொடுங்கள்.

கொளத்தூர்க் கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எத்தனையோ குடும்பங்கள் இந்த மீனை நம்பிப் பிழைக்கின்றன. பல பண்ணைகளிலிருந்து, வெளியூரிலிருந்து, வெளிநாட்டிலிருந்தும் வரும் மீன்கள் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் நிற்கின்றன, அவசரத்தில் ஒரே வலை எல்லாத் தொட்டியிலும் போய் வருகிறது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு தொட்டிக் கண்ணாடியிலும் மீன் கடைக்கு வந்த தேதியை மார்க்கரில் எழுதுங்கள். நேற்று இறங்கியதா, பத்து நாள் நின்று தேறியதா என்று பார்த்து நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். தேறிய மீனுக்கு ஐந்து ரூபாய் கூடச் சொன்னாலும் நான் கொடுப்பேன்.

நம் சென்னையிலேயே நீலாங்கரையில் 2009 முதல் ஒரு நீர்வாழ் உயிரினத் தனிமைப்படுத்தல் மையம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் வெனாமி என்ற வகைத் தாய் இறால்களை அங்கே தனியாக வைத்து, சோதித்த பிறகுதான் குஞ்சு பொரிப்பகங்களுக்குக் கொடுக்கிறார்கள். 2020-இல் எங்கள் தெருவிலேயே தகரம் அடித்து 14 நாள் உள்ளே இருந்தோம். தனிமைப்படுத்துவது என்றால் என்ன என்று வடசென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதை மீனுக்கும் செய்யலாம் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

இன்னொன்று. என் மீன்கள் நோயில் கிடந்தபோது, ரெட்டேரியில் விட்டுவிடுங்கள், புண்ணியம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நோயுள்ள மீனையோ அதன் தண்ணீரையோ ஏரியிலும் கால்வாயிலும் விட்டால் அங்கிருக்கும் மீனுக்கும் அது போகும். நோயில்லாவிட்டாலும் கூடாது. தொட்டியில் பெரிதாகிவிட்டது என்று யாரோ கொண்டுபோய் விட்ட டேங்க் கிளீனர் மீன்கள் இன்று நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன.

என் டப்பில் இப்போது ஐந்து மோலிகள் இருக்கின்றன. இன்று 19-ஆம் நாள். பேரன் தினசரி காலண்டர் தாளில் எண் போட்டுக்கொண்டு வருகிறான். பள்ளி திறக்கும்வரை கொளத்தூரில் இதே கூட்டம்தான் இருக்கும். அதனால் வரும் ஞாயிறு இணைப்பிலேயே, முன்பு வந்த அதே இடத்தில், இந்த நான்கு வார விஷயத்தையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600081